பின்கோடு சொல்கிறவர்கள்

பின்கோடு சொல்கிற நோயாளி சாகமாட்டார். திருநெல்வேலி அவசர அழைப்பு மையத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. டீ குடிக்கப் போகும்போது சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

வீட்டில் நிஜமாகவே ஒருவர் விழுந்து கிடக்கும்போது போன் செய்கிறவர் எப்படிப் பேசுவார்? "அலோ, அலோ, யம்மா சீக்கிரம் வாங்க, மாமா கீழ விழுந்துட்டாவ, ஏல அந்த லைட்டப் போடு, அலோ, கேக்கா?" என்பார். முகவரி கேட்டால், "தண்ணி டேங்க் பக்கத்துல, யார்ட்ட கேட்டாலும் சொல்லுவாங்க" என்பார். வண்டி நின்று யாரிடம் கேட்கும் என்றெல்லாம் அவர் யோசிப்பதில்லை. பயந்துபோன மனிதன் அப்படித்தான் பேசுவான்.

இன்னொரு வகை அழைப்பும் வரும். "வணக்கம். நோயாளி ஆண். வயது ஐம்பத்திரண்டு. சிறிது நேரமாக மார்பில் வலி. கதவு எண் பதினேழு, கீழப் புதுத்தெரு, பாளையங்கோட்டை. பின்கோடு சொல்லட்டுமா?" என்று கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல ஒருவர் பேசுவார். அப்படி வந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். பேசுவது மனிதன் இல்லை. பரீட்சகன்.

பரீட்சகன் என்பது அவசர உயிர்காப்புத் தகுதி ஆணையத்தின் இயந்திரம். முன்பெல்லாம் இந்த வேலைக்கான உரிமத்தைப் புதுப்பிக்க வருஷத்துக்கு ஒரு பரீட்சை இருந்தது. எல்லோரும் முந்தின நாள் உருப்போட்டு எழுதிவிட்டு மறுநாள் மறந்துவிடுவார்கள். ஆணையர் டாக்டர் ரகோத்தமன் ஒரு கருத்தரங்கில், "சாவு வருஷத்துக்கு ஒரு முறையா வருகிறது? பரீட்சை மட்டும் ஏன் அப்படி வர வேண்டும்?" என்று கேட்டார். பலத்த கைதட்டல். கருத்தரங்கில் கைதட்டு வாங்கிய யோசனை இந்த நாட்டில் சட்டமாகாமல் போனதில்லை. அன்றிலிருந்து நிஜ அழைப்புகளுக்கு நடுவே பரீட்சகனும் போன் செய்ய ஆரம்பித்தது. அழும், இருமும், மூச்சுத் திணறும். போனை எடுத்தவருக்கு உடனே மதிப்பெண் போடும். எது நிஜம், எது பரீட்சை என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

நோக்கம் நல்லதுதான். எல்லா அழைப்பையும் பரீட்சை மாதிரி நினைத்துப் பதில் சொல்வார்கள் என்று ரகோத்தமன் எதிர்பார்த்தார். ஆனால் அவர் ஒரு நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பரீட்சகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களோ வீட்டில் யாரும் விழுந்து பார்த்ததில்லை. அதனால் அது எவ்வளவு அழுதாலும் பின்கோடை மட்டும் மறக்காமல் சொல்லிவிடும்.

இதில் ஒரு கணக்கு இருந்தது. நிஜமான ஆள் செத்தால் விஷயம் விசாரணைக் குழுவுக்குப் போகும். குழு கூடுவதற்குள் சம்பந்தப்பட்டவர் ரிட்டயர் ஆகிவிடுவார். போலியான ஆள் செத்தால் அன்று சாயங்காலமே உரிமம் போய்விடும். உரிமம் போனவரின் கணினித் திரை தானாக அணைந்துவிடும். பிள்ளை குட்டி வைத்திருக்கிறவர்கள் யாரைப் பிழைக்க வைக்கப் பார்ப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

உலகம்மை அந்த மையத்தில் எட்டு வருஷமாக வேலை பார்த்தாள். அவளிடம் இரண்டு குரல்கள் இருந்தன. நிஜ அழைப்பு என்றால், "எங்கன? எந்த டேங்க்? சரி, வண்டி கெளம்பிட்டு. அழாதீங்க. நான் சொல்லுத மாதிரி செய்ங்க" என்பாள். "எங்கன" என்று கேட்கும்போதே விரல் வண்டி அனுப்பும் பொத்தானை அமுக்கியிருக்கும். சட்டப்படி இது பெரிய குற்றம், ஆனால் நிஜ அழைப்புக்கு மதிப்பெண் போட ஆளில்லை. பதினோரு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டு முடித்த பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும். அதற்கு முன் தொட்டால் 'முன்கூட்டி அனுப்புதல்'. எப்போதோ எங்கேயோ ஒரு விக்கலுக்கு வண்டி போய்விட்டதாம். அதற்காக வந்த விதி.

பரீட்சகன் வந்தால் அவள் வேறு பெண்ணாகிவிடுவாள். "வணக்கம். தங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. தாங்கள் பொறுமையுடன் பதிலளிப்பதற்கு நன்றி" என்று அத்தனை பணிவாக, அத்தனை நிதானமாக, பதினோரு கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்பாள். மதிப்பெண் நூற்றுக்கு நூறு வரும். ஆணையம் அவள் குரலையே எடுத்து டிவியில் விளம்பரமாகப் போட்டது. "உங்கள் உயிர், எங்கள் பணிவு" என்று முடியும் அந்த விளம்பரம்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. விளம்பரத்தைப் பார்த்த ஜனங்களுக்கு ஆத்திரம் வந்தது. நம்மிடம் மட்டும் ஏன் 'எங்கன, எங்கன' என்று எரிந்து விழுகிறார்கள்? யாருக்கு இந்தப் பணிவெல்லாம்? வசதியானவர்களுக்கா? உயிர் போகிற நேரத்தில்கூட நமக்கு ஒரு மரியாதை கிடையாதா? வண்டி சீக்கிரம் வந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 'தாங்கள்' என்று யாரும் தங்களைச் சொல்லவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

இந்த ஆத்திரத்தில் ஒரு தொழில் இருப்பதைக் கண்டுபிடித்தவர் சங்கரலிங்கம், உலகம்மையின் கணவனுடைய அண்ணன். அதே வீட்டில் மாடியில் இருந்தார். ஒரு காலத்தில் பாளையங்கோட்டையில் அவருடைய ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்தில் இடம் கிடைக்க சிபாரிசு வேண்டும். பிறகு காதில் மாட்டிக்கொள்ளும் மொழிபெயர்ப்புக் கருவி வந்தது. யார் எந்த மொழியில் பேசினாலும் காதில் தமிழில் விழுந்தது. இங்கிலீஷ் கற்க ஒருவரும் வரவில்லை. காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு மனிதர் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்?

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது உலகம்மை பரீட்சகனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். சங்கரலிங்கம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அப்போ பின்கோடு சொன்னா ஒங்களுக்கு பயம் வந்துருமா?"

"வராம? எந்திரிச்சு நின்னு பேசாத கொறதான் அத்தான்."

"முழு வாக்கியமாப் பேசணும், ஊர் பாஷை கூடாது, அழக் கூடாது, மொதல்ல வயசு, பெறகு வலி, பெறகு விலாசம். இவ்வளவுதான?"

"இதை எதுக்கு இப்போ கேக்கீங்க?"

அவர் பாதிச் சோற்றோடு எழுந்தார். கையைக் கழுவிவிட்டு நேரே போய் மையத்தின் போர்டை இறக்கினார். அடுத்த வாரம் புதிய போர்டு ஏறியது: 'சங்கரலிங்கம் அவசர உரையாடல் பயிற்சி மையம். பின்கோடு சொல்லுங்கள், பிழைத்துக்கொள்ளுங்கள்.'

காலையில் ஒரு பேட்ச், மாலையில் ஒரு பேட்ச், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று கூட்டம் அள்ளியது. புருஷன் பெண்டாட்டியாக வந்து எதிரெதிரே உட்கார்ந்து, "நோயாளி பெண். வயது நாற்பத்தொன்று. தலைசுற்றல்" என்று ஒருவரை ஒருவர் பார்த்து ஒப்பித்தார்கள். ஒரு அம்மாள் பின்கோடை மறந்துவிட்டு, "நீங்க செத்தே போயிருப்பீங்க" என்று சங்கரலிங்கத்திடம் திட்டு வாங்கினாள். பேசக் கற்றுக்கொடுத்தார்களே தவிர, விழுந்தவரின் நெஞ்சை எப்படி அமுக்குவது என்று அங்கே ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதைக் கேட்டு யாரும் வரவும் இல்லை.

உலகம்மை விஷயம் தெரிந்து பயிற்சி மையத்துக்கே போய்விட்டாள்.

"அத்தான், இதை நிறுத்துங்க. மரியாதையாப் பேசுதது மார்க்குக்கு. வண்டி லேட்டாத்தான் வரும். பதினோரு கேள்வியும் கேட்ட பெறகுதான் நாங்க பொத்தானத் தொடுவோம். கத்துதவங்களுக்குத்தான் ஒடனே அனுப்புதோம்."

சங்கரலிங்கம் சிரித்தார். "மரியாதையாப் பேசுதவன் லேட்டா அனுப்புவான், மரியாதயில்லாமப் பேசுதவன் சீக்கிரம் அனுப்புவான். இதைப் போயி எந்த மடையன்ட்டயாவது சொல்லும்மா, நம்புவான்."

"நெஜம் அத்தான். நான்தான அந்த எடத்துல இருக்கேன்?"

"எம்மா, பிசினஸ் இப்பதான் நிமிருது. வீட்ல ஒரு சம்பளம் வேற நின்னுபோச்சு. நீயே இப்படிப் பேசலாமா?"

நின்றுபோன சம்பளம் அவள் கணவன் ஆவுடையப்பனுடையது. அவன் ஆம்புலன்சில் முதலுதவிப் பணியாளன். வண்டி தானாக ஓடும். உள்ளே அவன் ஒருவன்தான் மனிதன். அவனுக்கும் பரீட்சை உண்டு. வண்டி ஒரு வீட்டுக்குப் போகும், உள்ளே ஒரு ரப்பர் நோயாளி கிடப்பார். உடம்பு சூடாக இருக்கும், ரத்தம் வரும், முனகுவார். போன மாசி மாதம் அப்படி ஒருவரின் தொடையிலிருந்து ரத்தம் பீறிட்டதைப் பார்த்ததும் ஆவுடையப்பன் பாய்ந்துபோய் அமுக்கிப் பிடித்தான். உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். தொடுவதற்கு முன் தன் பெயரையும் உரிம எண்ணையும் சொல்லி, நோயாளியின் சம்மதத்தைக் கேட்டு, நோயாளி மயக்கத்தில் இருந்தால் அவர் பதில் சொல்லவில்லை என்பதை உரக்க அறிவித்திருக்க வேண்டுமாம்.

"ரத்தம் பீச்சுது. நான் எம்பேரச் சொல்லிட்டு நிக்கவா?" என்று ஆவுடையப்பன் விசாரணையில் கேட்டான். அதை அவமரியாதை என்று எழுதிக்கொண்டார்கள். அதன்பின் அவன் வீட்டில்தான் இருந்தான். மனைவி வேலைக்குப் போகையில் டிபன் கட்டிக் கொடுப்பான். மீதி நேரம் உரிமம் திரும்பக் கிடைப்பதற்காகத் தன் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருப்பான். உலகம்மைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சங்கரலிங்கத்தின் மாணவர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். அழைப்பு மையத்தில் குழப்பம் தலைவிரித்தாடியது. இப்போது பின்கோடு சொல்கிறவர் பரீட்சகனா, படித்துவிட்டு வந்த மனிதரா என்று தெரியவில்லை. சந்தேகம் வந்தால் என்ன செய்வது? பரீட்சை என்றே வைத்துக்கொண்டார்கள். அதுதான் உரிமத்துக்கு நல்லது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தன்னுடைய மாரடைப்பைத் தானே, ஒரு பிழை இல்லாமல், பதினோரு கேள்விகளுக்கும் முழு வாக்கியத்தில் விவரித்தார். வண்டி போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் மகன், "கடைசி நேரத்துல அப்பாட்ட எவ்வளவு மரியாதையாப் பேசுனாங்க தெரியுமா?" என்று நெகிழ்ந்து சொன்னார். மறுநாள் சங்கரலிங்கத்தின் மையத்தில் இன்னும் பதினைந்து பேர் சேர்ந்தார்கள்.

ஆணையம் சும்மா இருக்குமா? பணியாளர்கள் பரீட்சையை முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று யாரோ ரகோத்தமனுக்கு எழுதிப்போட்டார்கள். பின்கோடை எடுத்துவிட்டு 'தண்ணி டேங்க் பக்கத்துல' என்று சொல்ல வைத்திருந்தால் போதும். அது அவருக்குத் தோன்றவில்லை. அவர் திரையில் தோன்றி ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தார்.

"நெருங்கிய உறவினரே அழைத்தாலும் நிதானம் தவறாதவரே உண்மையான பணியாளர். இனி பரீட்சகன் உங்கள் உறவினர்களின் குரலிலும் பேசும். உங்கள் பணி நியமன உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இதற்கு நீங்கள் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறீர்கள்."

முதல் வாரமே உலகம்மைக்கு அவள் அம்மாவின் குரலில் வந்தது. "வணக்கம். நோயாளி பெண். வயது அறுபத்தெட்டு. மூச்சுத் திணறல்." பின்கோடு, எல்லாம் இருந்தது. ஆனால் குரல் அம்மா. பின்னால் குக்கர் விசில் கூடக் கேட்டது. உலகம்மை "எம்மா!" என்று அலறிக்கொண்டு பொத்தானை அமுக்கிவிட்டாள். தென்காசியில் அவள் அம்மா அந்த நேரம் கொய்யாப்பழம் சாப்பிட்டுக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் சிவப்பாக எழுத்துகள் வந்தன: 'முன்கூட்டி அனுப்புதல். உணர்ச்சிவசப்படல். இறுதி எச்சரிக்கை.'

இன்னொரு தடவை இப்படி நடந்தால் உரிமம் போகும். வீட்டில் இருந்தது அந்த ஒரு உரிமம்தான். அன்று சாயங்காலம் அவள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"இந்தா பாருங்க, இனிமே யார் கொரல்ல வந்தாலும் நான் பரீட்சைன்னுதான் நெனைப்பேன். வீட்ல நெஜமா ஏதாச்சும்னா எம்பேரச் சொல்லிக் கத்துங்க. 'உலகு'ன்னு கத்துங்க. அந்தப் பேரு அதுக்குத் தெரியாது. அத்தான், ஒங்களுக்குத்தான் முக்கியமாச் சொல்லுதேன். பின்கோடு சொல்லாதீங்க."

"ஊருக்கெல்லாம் ஒரு பாடம், என் வீட்டுக்கு ஒரு பாடமா?" என்றார் சங்கரலிங்கம். "வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க."

ஆவுடையப்பன் சிரித்தான். "எனக்கு ஒண்ணுன்னா நானே எம்பேரும் உரிம எண்ணும் சொல்லி எனக்கே முதலுதவி பண்ணிக்கிடுதேன். நீ கவலப்படாத."

அதுதான் அவன் அவளிடம் கடைசியாகச் செய்த வேடிக்கை.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோருக்கும் கண் சொருகுகிற பொழுது. அன்று உலகம்மைக்கு இன்னும் பரீட்சை வரவில்லை. எந்த நிமிஷமும் வரும் என்று காத்திருந்தாள். மணி அடித்தது.

"வணக்கம். நோயாளி ஆண். வயது நாற்பத்தேழு. திடீரென்று மயங்கி விழுந்துள்ளார்."

அத்தானின் குரல். உலகம்மை ஒரு கணம் பாதி எழுந்துவிட்டாள். அடுத்த கணமே நிமிர்ந்து உட்கார்ந்தாள். வந்துவிட்டாயா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். விரல் பொத்தானிடம் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வணக்கம். தங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. தங்கள் முகவரியைக் கூற இயலுமா?"

அவள் வீட்டு முகவரிதான் வந்தது. கதவு எண், தெரு, பின்கோடு ஆறு இரண்டு ஏழு பூஜ்யம் பூஜ்யம் இரண்டு. ஒரு எண் தடுமாறவில்லை. அவள் 'உலகு' என்ற வார்த்தைக்காகக் காது கொடுத்துக் கேட்டாள். வரவில்லை.

"நோயாளி தங்களுக்கு என்ன உறவு?"

"இளைய சகோதரர்."

அவளுக்கு நிம்மதியே வந்துவிட்டது. அத்தான் பிறந்ததிலிருந்து தம்பியை 'ஏல ஆவுடை' என்பதைத் தவிர வேறு எப்படியும் சொன்னதில்லை. இளைய சகோதரராம்! பரீட்சகனுக்கு உறவு என்றால் என்னவென்று தெரியுமா? அவள் அழகாக, ஆணையம் எழுதிக்கொடுத்த நிறுத்தங்களோடு, அடுத்த கேள்விக்குப் போனாள். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் உண்டா? "இல்லை." ஒவ்வாமை? "அறிந்தவரை இல்லை." கடைசியாக உண்டது? "மதியம் தயிர்ச்சோறு." குரல் நடுங்கியது. அம்மாவின் குரலும்தான் அன்று நடுங்கியது. இந்த முறை ஏமாறமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நோயாளி மூச்சு விடுகிறாரா என்பது எட்டாவது கேள்வி. அதை ஏன் எட்டாவதாக வைத்தார்கள் என்று ரகோத்தமனைத்தான் கேட்க வேண்டும்.

"விட்டு விட்டு... சுவாசிக்கிறார். இப்போது... இப்போது தெரியவில்லை."

"தகவலுக்கு நன்றி. தாங்கள் இந்தத் தருணத்தில் எப்படி உணர்கிறீர்கள்?"

இது ஒன்பதாவது. அழைப்பவரின் நலனுக்காக ஆணையம் புதிதாகச் சேர்த்தது. பரீட்சகன் இதற்கு எப்போதும், "கவலையாக உணர்கிறேன், ஆனால் உங்கள் வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறேன்" என்று சொல்லும். மறுமுனையில் பதில் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, பரீட்சை ஹாலில் வாத்தியாரிடம் கேட்பது போல, அந்தக் குரல் கேட்டது.

"நான் எல்லாம் சரியாத்தானம்மா சொல்லிருக்கேன்? பின்கோடு எதும் மாத்திச் சொல்லிட்டனா? ஏன் இன்னும் வண்டி அனுப்ப மாட்டேங்கீங்க?"

பரீட்சகன் தான் சொன்னது சரியா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பரீட்சை வைக்கிறவன் எதற்குக் கேட்கப்போகிறான்? எழுதுகிறவன்தான் கேட்பான்.

உலகம்மை பொத்தானை அமுக்கினாள். அமுக்கியதை மறுபடி மறுபடி அமுக்கினாள். "அத்தான்! அத்தான், அவர மல்லாக்கப் போடுங்க! நெஞ்சுல கை வச்சு அமுக்குங்க! வண்டி வருது அத்தான்!" என்று கத்தினாள். மையமே திரும்பிப் பார்த்தது. நெஞ்சை எங்கே அமுக்குவது என்று சங்கரலிங்கத்துக்குத் தெரியவில்லை.

வண்டி அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பாலத்தடியிலேயே நின்றிருந்தது. கூப்பிடு தூரம். சீக்கிரம்தான் போனது. உள்ளே இருந்து இறங்கிய பையன் ஆவுடையப்பனிடம் வேலை பழகியவன். அழுதுகொண்டே தன் பெயரையும் உரிம எண்ணையும் சொல்லி, ஆவுடையப்பனிடம் சம்மதம் கேட்டு, அவர் பதில் சொல்லவில்லை என்று உரக்க அறிவித்துவிட்டு அவனைத் தொட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முந்தி வந்திருந்தா" என்று ஆரம்பித்து, உலகம்மையின் சட்டையில் இருந்த மையத்தின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சங்கரலிங்கம் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்தது நீதான்னு ஒன் கொரல்லயே தெரிஞ்சிட்டும்மா," என்றார். "ரெக்கார்ட் ஆகும்லா. நான் கத்தி, நீயும் பதறிப்போயி, ஒன் உரிமமும் போயிட்டுன்னா... ஒனக்கு மார்க் கொறையக் கூடாதேன்னுதான் நல்லபடியாப் பேசினேன்."

உலகம்மைக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "நானும் மார்க்குக்குத்தான் அத்தான் பேசினேன்" என்றாள்.

ஆணையம் அனுதாபக் கடிதம் அனுப்பியது. அதோடு ஒரு பாராட்டுப் பத்திரமும் இருந்தது. ஒன்பதாவது கேள்வி வரை நாட்டிலேயே இவ்வளவு நிதானமாக ஒரு பணியாளர் பேசியதில்லை என்று ரகோத்தமன் கையெழுத்துப் போட்டிருந்தார். அழைத்தவரின் தெளிவும் அவரை வெகுவாகக் கவர்ந்துவிட்டது. நாட்டு மக்கள் எல்லோரும் இப்படிப் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அடுத்த கூட்டத்திலேயே அழைப்பவர்களுக்கும் உரிமம் கொண்டுவர முடிவாயிற்று. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டுமே இனி அவசர எண்ணை அழைக்கலாம். பாடத்திட்டம் எழுத சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. மையத்தின் போர்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். இப்போது கடையில் தீப்பெட்டி கேட்பதற்குக்கூட அவருக்கு நாக்கு குழறுகிறது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய உலகம்மை எல்லா அழைப்புக்கும் முதலில் பொத்தானை அமுக்கினாள். பின்கோடு சொன்னாலும், சொல்லாவிட்டாலும், யார் குரலில் வந்தாலும். இரண்டாம் நாளே அவள் திரை அணைந்தது. உரிமம் திரும்ப வேண்டுமென்றால் ஆணையத்தின் தேர்வுக்கூடத்தில் ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு மாதிரி அழைப்பு வரும். அதற்குப் பதினோரு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுவிட்டால் போதும்.

மாதிரி அழைப்பு எது என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த நாட்டில் புதிதாக உரிமம் வாங்க வருகிற ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்கிறார்கள். இதைவிடத் தெளிவான அழைப்பு ஆணையத்திடம் இல்லை.

உலகம்மை சின்னக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. "வணக்கம். நோயாளி ஆண். வயது நாற்பத்தேழு" என்று சங்கரலிங்கத்தின் குரல் ஆரம்பித்தது. எந்த வண்டியோடும் இணைக்காத பொத்தானை அவள் அப்போதே அமுக்கினாள். "வண்டி கெளம்பிட்டு அத்தான். அவரத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு நல்லா அமுக்குங்க. நான் எண்ணுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு..." திரையில் சிவப்பாக 'தோல்வி' என்று வந்தது. பதிவான குரல் அதுபாட்டுக்குப் பின்கோடு சொல்லிக்கொண்டிருந்தது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது முறையும் அதேதான் நடந்தது. அன்று கண்காணிப்பாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற தாசில்தார். மனிதருக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா, படிச்ச பொம்பளதான நீங்க? பட்டன அமுக்குனா ஃபெயிலுன்னு தெரியும். அந்தப் பட்டன்ல ஒயர் கூடக் கிடையாது. உரிமம் வேணும்னா கேள்வியக் கேளுங்க. வேண்டாம்னா வீட்ல இருங்க. எதுக்கு மாசா மாசம் பஸ் ஏறி வந்து ஃபெயிலாயிட்டுப் போறீங்க?"

உலகம்மை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் போன் கால் திரும்பி வாற எடம் இது ஒண்ணுதான் சார்."

அவர் மேசைக்குப் போய் 'தோல்வி' என்று பதிந்துவிட்டு, அடுத்த பரீட்சைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.